ஆறாம் கட்டிலுக்கு வாசித்த கதை

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். ஊசி போட்டால் போட்டதே தெரியாது, கட்டுப் பிரித்தால் தோல் உரியாது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் யாராவது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், திருதிருவென்று விழிப்பாள். இத்தனைக்கும் படித்த படிப்பு ஆங்கிலத்தில், கேஸ் ஷீட்டில் எழுதுவது ஆங்கிலத்தில். எல்லாம் புரியும். பேச வாயைத் திறந்தால்தான் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் முன்னால் ஒருமுறை போய் உட்கார்ந்தாள். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மாள், "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றாள். கஷ்டமான கேள்வி ஒன்றுமில்லை. 'நான்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். சுவரில் கடிகாரம் ஓடுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் அந்த அம்மாளே இரக்கப்பட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னாள். "இலக்கணப் புத்தகத்தைக் கட்டி வைத்துவிடுங்கள். கதைப் புத்தகம் படியுங்கள். தினம் அரை மணி நேரம், வாய்விட்டு. எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். சுவருக்குப் படித்தால் வராது."

எதிரே ஆள் என்றால் வீட்டில் இருப்பது ஒரே ஆள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவிட்டுவிட்டு, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் நாலாம் மாடியில் குடியிருக்கிற மகானுபாவர். அவள் முதல் பக்கத்தை முடிப்பதற்குள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "துரைசாணியம்மா, அடியேனுக்கு ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டார். அவர் நல்லவர்தான், வாய்தான் சும்மா இருக்காது. இதை அவள் வார்டில் சொல்லித் தொலைக்க, அன்றிலிருந்து வார்டுக்கும் அவள் துரைசாணி ஆனாள். வாய் முன்னைவிட இறுக்கமாக மூடிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் ஆறாம் கட்டிலுக்கு ஒரு அம்மாள் வந்து சேர்ந்தாள். அறுபத்து மூன்று வயது. ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பரணிலிருந்து ஏதோ எடுக்க ஏணியில் ஏறியவள் தலைகுப்புற விழுந்திருந்தாள். தலைக்குள் ரத்தம் கட்டியதை அறுவை செய்து எடுத்தாகிவிட்டது, மூச்சும் சொந்த மூச்சுதான், ஆனால் கண் திறக்கவில்லை. ஒரே சொந்தம் தம்பி. தையல்காரர், ஐம்பது தாண்டியவர். தினமும் நாலு மணிக்குக் கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஓடி வந்து, அக்காவின் காலைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

"பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. காது கேக்கும்" என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். மற்ற நர்ஸுகள், "அம்மா, இந்தப் பக்கம் திரும்புங்க", "அம்மா, ஊசி போடறேன்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். துரைசாணிக்கு மட்டும் ஒரு யோசனை பளிச்சென்று தோன்றியது. எதிரே ஒரு ஆள். காது கேட்கும். சிரிக்காது. டாக்டரே சொன்ன வைத்தியம் வேறு. இதைவிட என்ன வேண்டும்?

மாடிப்படி ஓரத்தில், குணமாகிப் போகிறவர்கள் விட்டுப்போகும் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி உண்டு. அதிலிருந்து தடியாக ஒன்றை எடுத்தாள். அட்டை இல்லை, முதல் சில தாள்களும் இல்லை. என்ன புத்தகம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. கதை சுலபமான ஆங்கிலத்தில் ஓடியது. ஒரு தாய் தன் கதையைத் தானே சொல்கிறாள். புருஷன் இல்லை. ஏரிக்கரை ஓரமாக ஒரு வீடு, ஏழு வயதில் ஒரு மகள். சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எதைப் பார்த்தாலும் எண்ணிக்கொண்டு திரிகிற பிள்ளை. படியை எண்ணும், வாத்தை எண்ணும், அம்மா சோப்புப் போடும்போது விடுகிற பெருமூச்சை எண்ணும்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் வார்டு அடங்கும். ஆறாம் கட்டிலின் திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் படிக்க ஆரம்பித்தாள். முதல் வாரம் ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு முறை இடறினாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு பக்கத்தை மூச்சு வாங்காமல் முடித்தாள். மூன்றாம் வாரம், அந்தத் தாய் கோபப்படுகிற இடத்தில் தன் குரலும் ஏறுவதைக் கவனித்து, தனக்குத்தானே வெட்கப்பட்டாள்.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, கேட்டவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். தமிழில் ஒருமுறைகூட அவள் வாயில் வராத 'என் மகள்' என்ற சொல், ஆங்கிலத்தில் நாளைக்கு இருபது முறை வந்தது. என் மகளுக்குத் தலை சீவினேன். என் மகளுக்குக் காய்ச்சல். என் மகள் என்னைவிட அழுத்தக்காரி. ஆங்கிலத்தில் சொன்னால் வலிக்கவில்லை. அடுத்தவர் சட்டையைப் போட்டுப் பார்ப்பது போலத்தான், கழற்றிக் கொடுத்துவிடப் போகிறோம் என்றுதான் நினைத்தாள்.

கேஸ் ஷீட்டில் 'நோயாளியிடம் அரை மணி நேரம் பேசப்பட்டது' என்று தினமும் எழுதினாள். தலைமை நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "பாருங்க, துரைசாணியைப் பாத்துக் கத்துக்குங்க" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினாள். என்ன பேசினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், படித்துக்கொண்டிருக்கும்போது, அந்த அம்மாளின் வலது கை விரல்கள் போர்வையின் மேல் மெல்ல அசைவதைப் பார்த்தாள். சின்னச் சின்ன வளைவு, கோடு, புள்ளி. நரம்புத் துடிப்பு என்று எழுதி வைத்தாள்.

நாற்பத்தோராம் நாள் மதியம் கதையில் ஒரு இடம் வந்தது. தாய் கடைத்தெருவுக்கு அவசரமாகப் போக வேண்டும். மகளை ஏரிக்கரைக் கல்லில் உட்கார வைக்கிறாள். 'இங்கேயே இரு. எழுந்து போகக் கூடாது. நூறு எண்ணி முடிப்பதற்குள் வந்துவிடுவேன்' என்கிறாள். துரைசாணி அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். நிமிர்ந்தால், ஆறாம் கட்டிலின் கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

புத்தகத்தை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். வார்டே திரண்டது. தம்பிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அரைகுறையாகத் தைத்த துணியைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். "அக்கா! என்னைத் தெரியுதா?" என்று அழுதார். அக்கா அவரைத் தெரியும் என்பது போல் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு உதட்டை நனைத்துக்கொண்டு, துருப்பிடித்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஏரிக்கரையில உக்காத்தி வெச்சிட்டு வந்துட்டேன். போய்க் கூட்டிட்டு வாடா."

"யாரைக்கா?"

"என் பொண்ணை."

துரைசாணி ஏப்ரன் பைக்குள் இருந்த புத்தகத்தை இன்னும் கீழே அழுத்திக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூளையில் அடிபட்டால் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அவளும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள்தானே. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். நோயாளியை வைத்துப் பாடம் படித்தவள் என்று பெயர் எடுத்தால் எந்த ஊரில் வேலை கிடைக்கும்? நேர்முகத் தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

இரண்டு நாள் நாலு நாள் ஆனது. மற்றதெல்லாம் தெளிந்தது. தம்பியின் கடை, அலுவலகத்து மாடி, பழைய அதிகாரிகளின் கோணங்கித்தனம், எல்லாம் அந்த அம்மாளுக்கு நினைவு வந்தது. மகள் மட்டும் போகவில்லை. சிவப்பு ஸ்வெட்டரைச் சொன்னாள், வாத்து எண்ணுவதைச் சொன்னாள், ஒரு மழை நாளில் காய்ச்சலோடு விழித்திருந்ததைச் சொன்னாள். உயரம் எவ்வளவு என்று தம்பி கேட்டதற்குக் கட்டில் ஓரமாகக் கையைத் தாழ்த்திக் காட்டினாள். தையல்காரருக்கு அது போதும். "ஏழு வயசுக் குழந்தை அளவு சிஸ்டர்" என்று வெளியே வந்து சொன்னார். முகத்தில் ஈயாடவில்லை. "பொய்யா ஒருத்தர் இவ்வளவு கரெக்டா அளவு காட்ட முடியுமா?"

ஆகாரம் போய்க்கொண்டிருந்த மூக்குக் குழாயை எடுத்த பிறகு விஷயம் முற்றியது. கஞ்சி கொண்டுபோனால் அந்த அம்மாள் வாயை இறுக்கிக்கொண்டாள். "அவ அங்க பட்டினியா உக்காந்திருக்கா. நான் சாப்பிடறதா?" இதே பேச்சு காலை, மதியம், மாலை. கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். தம்பி அக்காவின் நச்சரிப்பு தாங்காமல் ஊருக்கு வெளியே இருக்கிற ஏரிக்கு நிஜமாகவே ஒரு நடை போய் வந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா. அங்க யாரும் இல்ல."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த அம்மாள் போட்ட சத்தம் கீழே புறநோயாளிப் பிரிவு வரை கேட்டது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் போடுகிற சத்தம். வார்டில் எத்தனையோ சாவைப் பார்த்தவள் துரைசாணி. அந்தச் சத்தம் நிஜமானது என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. இல்லாத பிள்ளைக்காக நிஜமான அழுகை. அந்தப் பிள்ளையை நாற்பத்தோரு நாள் கரண்டி கரண்டியாக ஊட்டியவள் அவள்தான்.

புத்தகம் இன்னும் ஏப்ரன் பையில்தான் இருந்தது. அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதைப் பிரித்தாள். மேலே என்ன நடக்கிறது என்று பார்த்து, நல்லபடியாக முடிந்தால் அதைச் சொல்லி ஆறுதல்படுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டாள். தாய் திரும்பி வருகிறாள். கல்லின் மேல் யாரும் இல்லை. மூன்றாம் நாள் படகுக்காரர்கள் பிள்ளையை ஏரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். மீதி நூறு பக்கமும் தாயின் ஒப்பாரிதான். இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். திரும்பி நடந்து வரும்போது, யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமலே அழுதாள்.

நாலு மாடி ஏறி வந்தவளைப் பார்த்துப் புருஷன், "என்ன, படியை இங்கிலீஷ்ல எண்ணிக்கிட்டே வர்றே? கீழ் மாடியிலிருந்தே கேக்குது" என்றார்.

"நான் எண்ணலையே."

"ஐம்பத்திரண்டு வரைக்கும் எண்ணினே. நமக்கே இத்தனை நாளாத் தெரியாது பாரு, ஐம்பத்திரண்டு படின்னு."

மறுநாள் டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, நாளையும் சாப்பிடவில்லை என்றால் மறுபடி குழாய் போட்டு, கையைக் கட்டிவைத்து, மனநோய்ப் பிரிவுக்கு மாற்ற வேண்டியதுதான். தம்பி நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். துரைசாணி பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒரு விஷயம் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க சிஸ்டர்" என்று அவரே ஆரம்பித்தார். "அக்காவுக்கு நிஜமாவே ஒரு குழந்தை இருந்திருக்குமோ? எங்களுக்குத் தெரியாம? நேத்து அவங்க பீரோவைத் திறந்துட்டேன். லெட்டர் எல்லாம் பிரிச்சுப் பாத்தேன். கூட வேலை பாத்தவங்ககிட்ட போய்க் கேட்டேன். அக்காவைப் பத்தி நான் போய், வெளியாள்கிட்ட…"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், நேர்முகத் தேர்வில் வாயடைத்து நின்றது முதல் பஸ்ஸில் படித்தது வரை. திட்டுவார், கத்துவார், தலைமை நர்ஸிடம் போவார் என்று நினைத்தாள். அவர் ரொம்ப நேரம் அந்தத் தாள்களைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதினவங்க சிஸ்டர் எங்கக்கா. தூக்கத்துலயும் எழுதியிருக்காங்க" என்றார் கடைசியில். பிறகு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்கதானே ஆரம்பிச்சீங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

இரண்டு பேருமாகப் போனார்கள். திரையை இழுத்துவிட்டு, தம்பி அக்காவின் மூக்கில் கண்ணாடியை மாட்டினார். துரைசாணி புத்தகத்தை விரித்து நீட்டினாள். "அம்மா, இது கதை. நான்தான் படிச்சேன். உங்களுக்கு நடந்தது இல்ல. பாருங்க, எல்லாம் இதுல இருக்கு."

அந்த அம்மாள் புத்தகத்தை வாங்கி, விரலை வரிக்கு வரி ஓட்டி, ஒரு பக்கம் முழுவதும் நிதானமாகப் படித்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. அப்பாடா என்று இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள்.

"நான் சொன்னதுதான்" என்றாள் அந்த அம்மாள். "ஒரு பிழை இல்லாம அடிச்சிருக்காங்களே. யாரு டைப்பிஸ்ட்?"

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் இன்னும் இரண்டு தாள் புரட்டினாள், கண் களைத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் புத்தகத்தைத் துரைசாணியிடமே நீட்டினாள். "மீதியை நீ படி. உன் குரல் எனக்குப் பழக்கம். வேகமா மட்டும் போகாதே, டிக்டேஷன்னா நிறுத்தி நிறுத்திக் குடுக்கணும்." சொல்லிவிட்டு வலது கையைப் போர்வை மேல் தயாராக வைத்துக்கொண்டாள்.

துரைசாணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து படித்தாள். நான் கடைத்தெருவிலிருந்து ஓடி வந்தேன். கல்லின் மேல் யாரும் இல்லை. அந்த அம்மாளின் விரல் வேகமாக வளைந்து வளைந்து எழுதியது, மூச்சு இரைத்தது. அடுத்த பக்கத்தில் படகுக்காரர்கள் காத்திருந்தார்கள். அவள் பக்கத்தைப் புரட்டினாள். அந்த வரிகளைப் பார்த்தாள். வாய் வரவில்லை.

பிறகு, கண்ணைப் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில். நாலு சொல், ஐந்து சொல்லுக்கு மேல் போகாத சின்ன வாக்கியங்கள். என் மகள் நூறு எண்ணினாள். நான் வரவில்லை. அவளுக்குப் பசித்தது. அவள் எழுந்து நடந்தாள். தண்ணீர் பக்கம் போகவில்லை. சாலை பக்கம் போனாள். ஒரு பஸ் வந்தது. கண்டக்டர் அவளை உட்கார வைத்தார்.

கதை நடக்கிற ஊரில் எந்த பஸ், எந்தத் தெரு என்றெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்? தெரிந்த தெரு ஒன்றுதான். சைக்கிள் கடையைச் சொன்னாள், மூலையில் சாய்ந்து நிற்கிற விளக்குக் கம்பத்தைச் சொன்னாள். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. என் மகள் படிகளை எண்ணினாள். ஐம்பத்திரண்டு. பச்சைக் கதவு. தன் பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் பூட்டு திறக்கும். உள்ளே ஒருவர் டார்ச் லைட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வாம்மா, என்றார். பாலும் ரொட்டியும் கொடுத்தார். கேலி பேசினார். என் மகள் சிரித்தாள். எங்கேயும் இடறவில்லை. நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை. பாதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளையை யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று. நிறுத்த மனம் வரவில்லை.

"அப்புறம்?" என்றாள் அந்த அம்மாள்.

"தூங்கிட்டாம்மா."

"ஸ்வெட்டர் நனைஞ்சிருந்துதா?"

"இல்லம்மா. காஞ்சுதான் இருந்துது."

"சாப்பிட்டுத்தானே தூங்கினா?"

"சாப்பிட்டா."

அந்த அம்மாளின் விரல் போர்வை மேல் ஒரு புள்ளி வைத்து நின்றது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு தம்பியைப் பார்த்து, "எனக்கும் ஏதாவது குடுடா. கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றாள். தம்பி ஊட்ட ஊட்ட, ஒரு கிண்ணம் கஞ்சியும் போயிற்று.

அதன் பிறகு அந்த அம்மாள் மகளைக் கேட்கவில்லை. வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு துரைசாணி வாசல் வரை போனாள். தம்பி ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். அந்த அம்மாள் திரும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி நல்ல அழுத்தமாக இருந்தது.

"அது உன் வீடுதானே?"

துரைசாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புத்தகம் படிக்கிற குரலும் சொந்தமா சொல்ற குரலும் எனக்குத் தெரியாதா? எத்தனை அதிகாரிங்களைப் பாத்திருப்பேன்" என்றாள் அந்த அம்மாள். "அங்கயே இருக்கட்டும். எனக்கு வயசாயிடுச்சு, இனிமே வளக்க முடியாது. காலையில மட்டும் மறக்காம ஏதாவது குடுத்துடு. பசின்னு வாய் திறந்து கேக்க மாட்டா, அழுத்தக்காரி."

ஆட்டோ வந்தது. அந்த அம்மாள் ஏறிக்கொண்டு போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையை நல்ல இடத்தில் விட்டுவிட்டுப் போகிறவளுடைய முகம் அவளுக்கு. துரைசாணி காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். குழம்பிய மூளை சொன்ன பேச்சு என்று ஒதுக்கிவிட நினைத்தாள். ஆனால் அடுத்த நாள் காலையில் இரண்டு டம்ளர் வைக்கிற இடத்தில் மூன்று டம்ளர் வைத்தாள். கை தவறி வைத்தது என்று சொல்லி ஒன்றை எடுத்துவிட்டாள். அதற்கு மறுநாள் மூன்றாவதை எடுக்கவில்லை.

நேர்முகத் தேர்வில் அதே மூன்று பேர். நரைத்த தலை அம்மாள் அவளை அடையாளம் கண்டு சிரித்தாள். "புத்தகம் படித்தீர்களா?"

"படித்தேன்" என்றாள் ஆங்கிலத்தில். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. வார்டைப் பற்றிச் சொன்னாள், புருஷன் வேலையைப் பற்றிச் சொன்னாள், அவருடைய வாயைப் பற்றிச் சொல்லி மூன்று பேரையும் சிரிக்க வைத்தாள். சின்ன வாக்கியங்கள், ஒன்றன் பின் ஒன்றாக, தடுக்காமல் வந்தன. ஓரத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமான கடைசிக் கேள்வியைக் கேட்டார். "குழந்தைகள்?"

தமிழில் இந்தக் கேள்விக்கு அவள் எட்டு வருஷமாக ஒரே பதிலைச் சொல்லி வந்திருந்தாள், தலையைக் குனிந்தபடி. ஆங்கிலத்தில் தலை குனியவில்லை.

"ஒரு மகள். ஏழு வயது."

"வேலை கிடைத்தால் அவளையும் அழைத்துவருவீர்களா?"

"கட்டாயம். அவளைத் தனியாக விட முடியாது. ஒருமுறை விட்டுவிட்டேன்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். நரைத்த தலை அம்மாள் எழுந்து வந்து கை குலுக்கினாள். "உங்களுக்கு இனி ஆங்கிலம் ஒரு தடையே இல்லை" என்றாள். படிவத்தில் 'உடன் வருவோர்: இருவர்' என்று ஓரத்து ஆள் எழுதியதை அவள் பார்த்தாள். திருத்தச் சொல்லவில்லை. திருத்த அதில் பிழை எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

வெளியே நல்ல வெயில். சாலைக்கு அந்தப் பக்கம் புருஷன் பைக்கோடு நின்றிருந்தார். "பாஸா?" என்று கட்டை விரலைத் தூக்கிச் சைகை காட்டினார். அவளும் காட்டினாள். வண்டிகள் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். விளக்கு மாறியது. கூட நின்றவர்களெல்லாம் விறுவிறுவென்று கடந்து போனார்கள். அவள் மட்டும் அடி மேல் அடி வைத்து வந்தாள். பாதிச் சாலையில் விளக்கு மறுபடி மாறி, வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

"என்னம்மா துரைசாணி, அன்ன நடையா?" என்று அவர் சத்தமாகக் கேட்டார். "சீக்கிரம் வந்து தொலை, எவனாவது ஏத்திடப் போறான்!"

"இருங்க" என்றாள் அவள். "அவளால இவ்வளவுதான் வேகமா நடக்க முடியும்."

அவர் சிரித்தார். பிறகு அவளுடைய இடது கையைப் பார்த்தார். ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு அது தாழ்ந்து, விரல்கள் எதையோ பத்திரமாக மூடிப் பிடித்திருந்தன. அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பைக்கின் பின்சீட்டில் இருந்த தூசியைத் துடைத்தார். பெட்ரோல் டேங்கின் மேலும் ஒரு கை துடைத்துவிட்டார், சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கிற இடத்தில்.